சேற்றுவெளியில் பாக்காவ் (சதுப்புநில மரம்) நடலாமா? அங்கே வாழும் பெலாச்சாக் (சேற்றில் துள்ளும் மீன்) பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரையோரன் (பாலிக் புலாவ், பினாங்கு)
சனி, இரவு 9:40

வணக்கம். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் இளைஞர் பிரிவு அடுத்த மாதம் பாலிக் புலாவ் பக்கத்துக் கடற்கரையில் பாக்காவ் கன்று நட முடிவு செய்திருக்கிறது. கன்றுக்கான செலவை ஏற்க ஒரு நிறுவனம் முன்வந்துவிட்டது. சட்டை அச்சடிக்கவும் கொடுத்தாயிற்று. இடம், கரைமேட்டுக்கு வெளியே, தண்ணீர் வற்றினால் தெரிகிற பெரிய சேற்றுவெளி. "அங்கே ஒன்றுமே இல்லை, சும்மா கிடக்கிறது, காடாக்கிவிடலாம்" என்றுதான் கூட்டத்தில் பேசினார்கள்.

இடம் பார்க்கப் போனபோது கூட வந்த பிள்ளைகள் கரைமேட்டை விட்டு நகரவே இல்லை. சேறு முழுக்கப் பெலாச்சாக். நீலப் புள்ளி போட்டவை முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு துள்ளுகின்றன, ஒன்றையொன்று விரட்டுகின்றன. ஓடையோரம் ஒரு சாணுக்கு மேல் நீளமான ஒன்று வாயை உப்பவைத்துக்கொண்டு பொந்துக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வாய் சுருங்கி மேலே வந்தது. மறுபடி வாயை உப்பிக்கொண்டு இறங்கியது. எதைக் கொண்டுபோகிறது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அங்கிருந்த பெரியவர்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

அவள் கேட்டதுதான் என் முதல் கேள்வி. இரண்டாவது, அங்கே பாக்காவ் நட்டால் இந்த மீன்களுக்கு நல்லதா கெட்டதா? காடு வந்தால் மீனுக்கு நல்லதுதானே என்று சங்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தாக வேண்டும்.


நிபோங் தூண்டில் (நிபோங் திபால்)
சனி, இரவு 10:05

காற்று, அண்ணே. வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு போய்ப் பொந்துக்குள் விட்டுவிட்டு வருகிறது. சியாக்காப் (கொடுவா மீன்) தூண்டிலுக்கு இரையாக நாங்கள் பெலாச்சாக் பிடிப்பதுண்டு. பொந்தைத் தோண்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் குபுகுபுவென்று குமிழி கிளம்பும். மீன் அங்கேதான் இருக்கும். ஏன் அப்படிச் சேர்க்கிறது என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

நடுவதைப் பற்றிக் கேட்டால், நீங்கள் சொன்ன இடம் கடல் ஏற்றத்தில் எவ்வளவு நேரம் தண்ணீருக்குள் கிடக்கிறது? அது தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.


கடலியல் மாணவி (கெலுகோர்)
சனி, இரவு 11:30

நிபோங் அண்ணா சொன்னது சரி. பினாங்குக்காரர்கள் பெருமைப்படவும் இதில் ஒன்று இருக்கிறது. இந்த மீன் பொந்தில் காற்றைச் சேர்த்துவைக்கிறது என்று அளந்து காட்டிய ஆய்வு நம் பினாங்குச் சேற்றில் நடந்தது. நாகசாகிப் பல்கலைக்கழகத்தின் இஷிமட்சுவும் குழுவினரும் பினாங்கின் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) ஆய்வாளரோடு சேர்ந்து செய்தார்கள். 1998இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. அவர்கள் பார்த்ததும் நீங்கள் ஓடையோரம் பார்த்த அதே பெரிய மீன்தான் என்று நினைக்கிறேன். பெரியோஃப்தால்மோடான் ஸ்க்லோசெரி என்று பெயர். 27 சென்டிமீட்டர் வரை வளரும். பெலாச்சாக் இனங்களிலேயே பெரியவற்றில் ஒன்று.

காற்று எதற்கு? சேற்றில் ஒரு விரல் ஆழம் கிளறினாலே நிறம் கறுத்து அழுகிய முட்டை வாடை அடிக்கும். மேல் பரப்புக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோய், சல்பேட்டை வைத்து வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுவதால் வரும் வாடை அது. பொந்தில் தேங்குகிற தண்ணீரிலும் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. இந்த மீனுக்கு நுரையீரல் கிடையாது. வாய், தொண்டை இவற்றின் உள்தோலாலும் ஈரமான மேல்தோலாலும் செவுளாலும் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிறது. ஸ்க்லோசெரியின் செவுள் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி இணைந்தவை. காற்றில் மூச்சுவிட அது தோது, தண்ணீருக்குள் அவ்வளவு உதவாது. ஏற்றம் வந்து வாசலை மூடிவிட்டால் உள்ளே இருப்பதற்குக் காற்று வேண்டுமே. அதைத்தான் வற்றத்தில் வாய் வாயாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதைவிட எனக்கு ஆச்சரியம் தருவது முட்டை. ஜப்பானில் இருக்கும் சின்ன இனம் ஒன்றில் இதே ஆய்வாளர்கள் விவரமாகப் பார்த்து 2007இல் எழுதினார்கள். பொந்து கீழே போய் மேல்நோக்கி வளைகிறது. வளைவின் முடிவில் ஓர் அறை. அந்த அறையின் கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கும். அறையில் இருப்பது தண்ணீர் அல்ல, ஆண் மீன் கொண்டுவந்து நிரப்பிய காற்று. ஒவ்வொரு வற்றத்திலும் அது புதுக் காற்று கொண்டுவரும். முட்டை முற்றியதும், ஓர் இரவில் ஏற்றம் வரும்போது அதே ஆண் மீன் உள்ளே போய் வாயால் காற்றை அள்ளி அள்ளி வெளியே விடும். அறைக்குள் தண்ணீர் ஏறும். நனைந்த மாத்திரத்தில் குஞ்சு பொரிந்து ஏற்றத்தோடு கடலுக்குப் போய்விடும். அத்தனை நாள் உள்ளே காற்றைக் கொண்டுவந்த அப்பாவே கடைசியில் அதை வெளியேற்றுகிறது. அந்தப் பெண்பிள்ளையிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது நீளமான விஷயம்.


அலைகள்72 (தெலுக் பஹாங்)
ஞாயிறு, காலை 7:15

நல்ல தகவல், நன்றி மாணவி. ஆனால் பேச்சு எங்கே போகிறது என்று புரிகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுவதற்கு ஆதரவு.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது நான் இங்கே இருந்தேன். மலேசியாவில் அன்று இறந்த 68 பேரில் பெரும்பாலோர் நம் மாநிலத்தில் இறந்தவர்கள். கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. பாக்காவ் நின்ற கரைகளில் படகும் வலையும் தப்பின, வெட்டவெளிக் கரைகளில் எல்லாம் போனது என்று மீனவர்கள் சொன்னதை நேரில் கேட்டவன் நான். சுனாமி வராவிட்டாலும் கரை வருடாவருடம் அரித்துக்கொண்டே போகிறது. மரம் நிற்க வேண்டும். வேர் மண்ணைப் பிடிக்க வேண்டும். இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. இன்று ஒரு நிறுவனம் காசு கொடுக்கிறது, பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். பெலாச்சாக்குக்காக இதை நிறுத்தச் சொல்வது சரியாகப் படவில்லை. பெலாச்சாக் எங்கேயும் இருக்கும் மீன்தானே.


முன்னாள் டீச்சர் (புக்கிட் மெர்தாஜாம்)
ஞாயிறு, காலை 10:20

அலைகள் தம்பி, உங்கள் வலி புரிகிறது. மரம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த இடத்தில் என்பதில்தான் பேச வேண்டும். பல வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பெலாச்சாக்கை ஒரே மீனாக எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. உளுவைக் கூட்டத்தைச் சேர்ந்த பல இனங்கள் சேர்ந்த பெயர் அது. நம் கரைகளில் அவை சேற்றை உயரம் பார்த்துப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன.

மேட்டில், மர வேர்களுக்கு நடுவே துள்ளுபவை சின்னவை, பெரியோஃப்தால்மஸ் இனங்கள். பூச்சி, புழு, குட்டி நண்டு தின்னும். அவற்றில் தங்கப் புள்ளி போட்ட ஒன்று உண்டு. ஏற்றம் வர வர நீரின் விளிம்போடு கூட்டமாகக் கரைப்பக்கம் நகர்ந்துகொண்டே வரும். வேரோ கம்பமோ கிடைத்தால் அடிவயிற்றுத் துடுப்பால் பற்றி ஒட்டிக்கொள்ளும். இரண்டு துடுப்பும் சேர்ந்து உறிஞ்சி மாதிரி அமைந்திருக்கிறது. நடுவில், ஓடைக்கரைகளில் மாணவி சொன்ன ஸ்க்லோசெரி. அது வேட்டைக்காரன். நண்டைப் பிடிக்கும், தன்னைவிடச் சின்ன பெலாச்சாக்கையும் விடாது.

அதற்கும் வெளியே, நிழலே இல்லாத திறந்த சேற்றில் இருப்பது கரையோரன் பார்த்த நீலப் புள்ளி மீன், போலியோஃப்தால்மஸ் போடார்ட்டி. அது மேய்ச்சல் மீன். சேற்றின் மேல் பரப்பில் டயட்டம் என்ற கண்ணுக்குத் தெரியாத பாசி பழுப்பு நிறப் படலமாகப் படியும். அதை, வாசல் பெருக்குகிறவர் விளக்குமாற்றை வீசுவது போலத் தலையை இடமும் வலமுமாக ஆட்டிச் சுரண்டித் தின்னும். டயட்டத்துக்கு வெயில் வேண்டும். வற்றத்தில் வெயில் நேராகப் படுகிற சேறுதான் அதன் வயல். இன்னும் தாழ்வான, இன்னும் குழைந்த சேற்றில் ஒல்லியான வேறோர் இனம் உண்டு. ஆண் மீன் வாலை ஊன்றி நெட்டுக்குத்தலாக எழும்பி விழும்.

வெட்டவெளிச் சேற்றில் அடர்த்தியாகப் பாக்காவ் நின்றால் நிழல் விழும், சேறு இறுகும், தரை உயரும். சின்ன இனங்களுக்கு வசதி கூடலாம். மேய்ச்சல் மீன் போய்விடும். "மீனுக்கு நல்லதுதானே" என்று சங்கத்தில் கேட்டார்களாம். எந்த மீனுக்கு என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

கர்னி டிரைவ் முன்னால் சேறு படிந்தபோது அங்கேயும் பெலாச்சாக் வந்தது, கொக்கு வந்தது. ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள். அப்புறம் மண் கொட்டிக் கடலைத் தூர்த்தார்கள், இப்போது பூங்கா இருக்கிறது. பூங்காவுக்கு நானும் போகிறேன். ஆனால் எங்கேயும் இருக்கும் மீன் என்று நாம் ஒவ்வோர் இடமாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.


கேஎல் அப்பா (செந்தூல்)
ஞாயிறு, பகல் 1:10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கோலாலம்பூரிலிருந்து கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். சதுப்புக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதை இருக்கும். மரத்தடியில் எங்கு பார்த்தாலும் பெலாச்சாக். காட்டுக்குள்ளேயே அத்தனை இருக்கும்போது காடு வந்தால் போய்விடும் என்பது எப்படி?

இன்னொன்று. இது தவளையாக மாறிக்கொண்டிருக்கும் மீன் என்று மகன் யூடியூபில் பார்த்தானாம். உண்மையா?


முன்னாள் டீச்சர்
ஞாயிறு, பகல் 2:45

காட்டுக்குள் பார்த்தவை பெரும்பாலும் சின்ன இனங்களாக இருக்கும். ஓடையோரம் பெரியதும் இருந்திருக்கலாம். அடுத்த முறை வற்றத்தில், மரம் முடிந்து கடல் பார்த்த சேறு தொடங்குகிற இடத்தில் நின்று பாருங்கள். நீலப் புள்ளிக்காரர் அங்கே இருப்பார்.

தவளை விஷயம்: இல்லை. நிலத்துக்கு ஏறிய நான்குகால் விலங்குகளின் மூதாதைகள் சதைத்துடுப்பு மீன்கள். டிக்டாலிக் போன்றவை 37.5 கோடி ஆண்டுக்கு முன்பு வாழ்ந்தன. பெலாச்சாக் கதிர்த்துடுப்பு மீன், உளுவை வழி வந்தது, தவளையின் பாட்டன் வரிசையில் சேராது. தனியாக, தன் வழியில், கரைக்கு ஏறிய மீன். அதனால்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை. ஒரே பிரச்சினைக்கு இரண்டு பரம்பரை தனித்தனியாக என்ன விடை கண்டுபிடித்தன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண் சிமிட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்கள் பொதுவாகச் சிமிட்டுவதில்லை. இது கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும், கீழே இருக்கும் தோல் கிண்ணம் அதை மூடி ஈரமாக்கும். கண்ணை நனைக்க, துடைக்க, காப்பாற்ற என்று நாம் எதற்கெல்லாம் சிமிட்டுகிறோமோ அதற்கெல்லாம் இதுவும் சிமிட்டுகிறது என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்கென்று புதுச் சுரப்பியோ புதுத் தசையோ முளைக்கவில்லை, இருந்ததையே கொஞ்சம் மாற்றிக்கொண்டது.


கடலியல் மாணவி
ஞாயிறு, மாலை 4:00

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், யூடியூப் பார்த்த தம்பிக்குப் பிடிக்கும். மீனுக்கு நம்மைப் போல் நாக்கு இல்லை. தண்ணீருக்குள் இரையை உறிஞ்சித் தின்று பழகியது. நிலத்தில் உறிஞ்ச முடியாதே. ஆப்பிரிக்கப் பெலாச்சாக் இனம் ஒன்றை வேகமான கேமராவில் பிடித்துப் பார்த்தார்கள், 2015இல். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே வருகிறது. இரைக்கு அருகில் வாயைத் திறந்ததும் தண்ணீர் முன்னால் பிதுங்கி இரையை நனைக்கிறது. உடனே இரையோடு சேர்த்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாக்கின் வேலையைத் தண்ணீர் செய்துவிடுகிறது.


பறவை நேசன் (பட்டர்வொர்த்)
ஞாயிறு, மாலை 5:25

மீனைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அதே திறந்த சேற்றை நம்பித்தான் சைபீரியாப் பக்கமிருந்து ஆஸ்திரேலியா வரை போகிற கரைப்பறவைகள் இங்கே இறங்குகின்றன. எங்கள் பக்கம் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான கரை அவற்றுக்கு முக்கியமான இடமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்தப் பறவைகள் காட்டுக்குள் இறங்காது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளியாக இருந்தால்தான் இறங்கித் தின்னும். அங்கே கன்று நட்டு அடைத்துவிட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் குறைவு.

கெராங் சிப்பியையும் மறந்துவிட வேண்டாம். நாம் கொய்தியாவில் போட்டுச் சாப்பிடுகிற கெராங் வளர்வது அந்தச் சேற்றில்தான்.


அலைகள்72
ஞாயிறு, இரவு 8:50

எல்லாவற்றையும் கவனமாகப் படித்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். பேராக்கில் மாத்தாங் காடு இருக்கிறது. ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். 1902 முதல் முறையாக நிர்வகிக்கிறார்கள், கரிக்காக வெட்டுகிறார்கள், திரும்ப நடுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் நட்டு வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது பாலிக் புலாவில் ஏன் முடியாது? நிழல் விழுந்தால் டயட்டம் போகும் என்கிறீர்கள், சரி. கரையில் இருக்கிற வீட்டுக்கு என்ன பதில்?


கடலியல் மாணவி
ஞாயிறு, இரவு 11:05

அண்ணா, சரியான கேள்வி. இதற்காகத்தான் நேரம் எடுத்துக்கொண்டேன்.

மாத்தாங்கில் நடுவது, ஏற்கெனவே பாக்காவ் நின்று வெட்டப்பட்ட தரையில். அந்தத் தரையின் உயரம் பாக்காவுக்குப் பொருந்தியது என்பதற்கு வெட்டிய மரமே சாட்சி. சதுப்பு மரங்கள் பொதுவாகச் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, பெரிய ஏற்றம் எட்டுகிற எல்லை வரைதான் வளரும். மொத்த நேரத்தில் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடக்கிற இடத்தில் அவை தாக்குப்பிடிப்பதில்லை என்று ராபின் லூயிஸ் என்பவர் பல இடங்களைப் பார்த்து எழுதினார். இந்தத் துறையில் அவர் பெரிய பெயர். சேற்றுவெளியின் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழே இருக்கிறது. அங்கே மரம் இல்லாததற்கு யாரும் வெட்டியது காரணம் அல்ல. தண்ணீர் வளர விடுவதில்லை. நட்டால் கன்றின்மேல் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டும், அலை பிடுங்கும், பாசி போர்த்தும்.

சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்ததை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1000 ஹெக்டேருக்கு மேல் நட்டார்கள். பின்னால் போய்ப் பார்த்தவர்கள் 2017இல் எழுதிய கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் தேறியது. பார்த்த 23 இடங்களில் 9 இடத்தில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. தப்பான உயரம், தப்பான இனம், நட்ட பிறகு கவனிக்க ஆள் இல்லை. பிலிப்பைன்ஸிலும் நீண்ட காலம் இதே கதை. அங்கேயும் பொருத்தமான தரையை விட்டுவிட்டு ஆட்சேபம் வராத வெறும் சேற்றில் போய் நட்டார்கள்.

பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழியில் போனது. முன்பு காடாக இருந்து அழிந்த தரையில் தண்ணீர் தேங்கி உப்பேறிக் கிடந்தது. அங்கே மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். ஏற்ற இறக்கம் திரும்ப உள்ளே வந்து போனது, கால்வாயோரம் நட்டது பிழைத்தது. தண்ணீரின் போக்கைச் சரிசெய்தது முதல் வேலை, கன்று இரண்டாவது வேலை.

வீட்டுக்குப் பதில் என்று கேட்டீர்கள். கரைமேட்டோரம் மேட்டில் ஒரு பட்டையாக மரம் வரட்டும், அதை நான் மனதார வரவேற்கிறேன். அதற்கு வெளியே விரிந்து கிடக்கிற சேறும் உங்கள் வீட்டைக் காக்கிறது. சரிவு குறைந்த சேற்றின்மேல் உருண்டு வரும்போதே அன்றாட அலை வலுவைக் கணிசமாக இழந்துவிடுகிறது. அந்தச் சேறு அரித்துப்போனால் பின்னால் நிற்கிற மரமும் விழும். சேறும் மரமும் சேர்ந்துதான் கரை.


குளிம் பொறியாளர் (குளிம்)
திங்கள், காலை 8:10

வேலைக்காகச் சில வருடம் ஜப்பானில் கியூஷூவில் இருந்தேன். அங்கே ஆரியாக்கே கடலில் நம் நீலப் புள்ளியின் நெருங்கிய உறவுக்கார மீனை முட்சுகோரோ என்பார்கள். சுட்டுத் தின்பார்கள், பிள்ளைகளுக்குப் பொம்மை உண்டு, ஊருக்கே செல்லம். அந்தக் கடலின் ஒரு மூலையான இசஹாயா விரிகுடாவை 7 கிலோமீட்டர் அணை கட்டி, 1997 ஏப்ரலில் 293 இரும்புத் தகடுகளை வரிசையாக இறக்கி மூடினார்கள். தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த காட்சி தொலைக்காட்சியில் வந்து நாடே பார்த்தது. உள்ளே சேறு வெடித்துக் காய்ந்தது, மீன் செத்தது. சில வருடத்தில் வெளிப்பக்கக் கடலில் நோரி (உண்ணும் கடற்பாசி) விளைச்சல் கெட்டபோது மீனவர்கள் அணையைக் காரணம் காட்டினார்கள். வழக்கு பல வருடம் இழுத்தது, தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன.

நீங்கள் அணை கட்டவில்லை, தெரியும். சேற்றைக் காலி இடமாகக் கணக்கில் எழுதினால் பின்னால் எத்தனை பேர் வயிற்றில் அடிக்கும் என்பதற்காகச் சொன்னேன்.


நிபோங் தூண்டில்
திங்கள், பகல் 12:30

கரையோரன் அண்ணே, ஒரு விஷயம் கேட்கிறேன். கரைமேட்டுக்கு உள்பக்கம் கைவிட்ட இறால் குளம் ஏதாவது இருக்கிறதா? எங்கள் பக்கம் அப்படி நிறையக் கிடக்கிறது. காட்டை வெட்டித்தான் பலதைத் தோண்டினார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மதகு உடைந்து தண்ணீர் வந்து போகிற குளங்களில் யாரும் நடாமலே அப்பி-அப்பி என்ற சதுப்பு மரம் முளைத்து நிற்கிறது. விதை ஏற்றத்தோடு மிதந்து வருகிறது, தரை பிடித்தால் தங்கிவிடுகிறது. உங்களுக்கு மரம் வேண்டும், மாணவிக்குச் சேறு வேண்டும். இரண்டுக்கும் இடம் இருக்கும்போல.

நடுகிற நாளில் கூட்டமாகச் சேற்றில் இறங்குவார்களே, அதையும் யோசியுங்கள். ஓர் ஆள் இறங்கினால் முட்டி வரை புதையும். அத்தனை பேர் மிதித்தால் பொந்து எதுவும் மிஞ்சாது.


அலைகள்72
திங்கள், மாலை 6:15

தண்ணீர் வளர விடாத இடத்தில் நட்டுப் பிள்ளைகள் கண்ணெதிரே கன்று சாவதை நானும் விரும்பவில்லை. இறால் குளம் யோசனை நல்ல யோசனை. குளத்தில் காடு வந்தால் அதன் பின்னால் இருக்கிற கிராமத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் நிலம் யாருடையது, கரைமேட்டைத் திறக்க யார் அனுமதி தருவார்கள் என்று பார்க்காமல் பேசிப் பயனில்லை. மேட்டோரப் பட்டையில் நடுவதையும் கைவிடக் கூடாது. அங்கே வெறும் பாக்காவ் மட்டும் வேண்டாம். கடல் பார்த்த விளிம்பில் இயற்கையாக முதலில் வருவது அப்பி-அப்பியும் பெரெம்பாங் மரமும்தான், அவற்றையும் சேர்க்க வேண்டும். நாற்றங்கால் வைத்திருக்கும் மீனவர்களை எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன்.


கரையோரன்
புதன், இரவு 10:00

எல்லோருக்கும் நன்றி. நேற்று சங்கக் கூட்டத்தில் இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். நீண்ட வாக்குவாதம். முடிவு இது. திறந்த சேற்றில் நடுவதை நிறுத்தியாயிற்று. ஆதரவு தரும் நிறுவனத்திடம் விளக்கினோம். படம் எடுக்க வசதியான இடம் வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது. தேதியைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள்.

நிபோங் தம்பி கேட்ட மாதிரி உள்பக்கம் பழைய குளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மதகு ஏற்கெனவே இடிந்து கிடக்கிறது, விளிம்பில் அப்பி-அப்பி முளைத்திருக்கிறது. நிலம் யாருடையது என்று மாவட்ட நில அலுவலகத்தில் விசாரிக்கிறோம். கரைமேட்டைப் பற்றி ஜேபிஎஸ்ஸுக்கும் (நீர்ப்பாசன, வடிகால் துறை), மரங்களைப் பற்றி வனத்துறைக்கும் கடிதம் எழுத இரண்டு பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

அடுத்த பெரிய வற்றத்தில் பிள்ளைகளோடு போய், எந்த உயரத்தில் எந்தப் பெலாச்சாக் இருக்கிறது என்று கரைமேட்டிலிருந்தே பார்த்து வரைபடம் போடலாம் என்று இருக்கிறோம். இங்கே இருக்கிற யாராவது கூட வர முடியுமா? அந்தப் பெண்பிள்ளையிடம் காற்று, முட்டை விஷயம் இரண்டையும் சொன்னேன். ஆண் மீன் வெளியே போயிருக்கும்போது கொக்கு பிடித்துவிட்டால் முட்டைக்கு யார் காற்று கொண்டுவருவார்கள் என்று கேட்கிறாள். மாணவி, இதற்கு நீங்கள்தான் வந்து பதில் சொல்ல வேண்டும்.


கடலியல் மாணவி
புதன், இரவு 10:40

கட்டாயம் வருகிறேன் அண்ணா. நல்ல கேள்வி, அவளிடமே நேரில் பேசுகிறேன். குழந்தைகள் குறித்துக்கொள்ள எளிமையான அட்டை ஒன்று தயார் செய்து வருகிறேன். நீலப் புள்ளி, பெரியது, சின்னது, வாலூன்றுவது என்று படம் போட்டிருக்கும். பார்த்த இடத்துக்கு நேராக டிக் போட்டால் போதும். கரைமேட்டில் சில இடங்களில் குச்சி நட்டு, தண்ணீர் எந்த நேரத்தில் எங்கே வருகிறது என்று குறித்தால் குளத்துக்கும் உதவும்.


நிபோங் தூண்டில்
புதன், இரவு 11:00

நானும் வருகிறேன். ஹைட்ரோகிராஃபி மையத்தின் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து நாளைச் சொல்கிறேன். வற்றம் முழுதாக இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். தண்ணீர் விலக விலகத்தான் ஒவ்வொன்றும் பொந்திலிருந்து வெளியே வரும். பிள்ளைகளுக்குத் தொப்பி, தண்ணீர், கொசு மருந்து. யாரும் சேற்றில் இறங்க வேண்டாம், சத்தமும் கூடாது. நிழல் ஆடினாலே உள்ளே போய்விடும்.


பறவை நேசன்
வியாழன், காலை 6:50

எங்கள் குழுவிடம் உபரியாகப் பைனாகுலர் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டுவருகிறேன். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும். மேற்குக் கரை என்பதால் காலை நேர வற்றமாகப் பார்த்து நாள் குறியுங்கள் தம்பி.